தாய்க்கிழங்கு மண்ணுக்கு

நில்ஹான் டீச்சர் மலைக்கிராமமான கயாபாஷியை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் இருபத்து மூன்று, சனிக்கிழமை. பள்ளிப் பிள்ளைகளின் விழா நாள். சதுக்கத்தில் கொடியும் மேளமுமாக ஒரே ரகளை. மிலாஸ் போகிற வேன் அந்தக் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் பள்ளிவாசல் முக்கிலேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை டீச்சர் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சொன்னாள். வேன் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், வழியனுப்ப வந்த ஹூருவின் மிச்ச ஆயுசு வேறு மாதிரிப் போயிருக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"கேளு. ஆலிவ் இன்னொரு ஜாடி வேணுமா?"

"அதில்லக்கா. மையவாடியில ஹாஜி எமின் கபர் கால்மாட்டுல ஒரு செடி இருக்குல்ல, நான் அடையாளத்துக்குக் குச்சி நட்டு வச்சது. அதை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

ஹூரு சிரித்துவிட்டாள். "அடி பொண்ணே, நாப்பத்தஞ்சு வருஷமா கிழங்கு தோண்டறவ கையில கிழங்கைக் குடுக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"அதனாலதான் குடுக்கிறேன். உங்களைவிட அதுங்களைத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரு? அமானிதமா வச்சுக்கங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹூருவின் சிரிப்பு நின்றது. ஒருவர் அமானிதம் என்று நம்பி ஒப்படைத்ததைத் தொலைத்துவிட்டு மறுமையில் எந்த முகத்தோடு போய் நிற்பது? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மேளக்காரர்கள் நகர, வேன் குலுங்க, டீச்சர் அவள் இரு கன்னத்திலும் முத்தமிட்டு ஏறிவிட்டாள். திங்கட்கிழமை அவள் நாட்டின் இன்னொரு கோடியில், வான் நகரத்தில், புது வேலையில் சேர வேண்டும்.

ஹூருவின் தொழில் சாலேப். நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று கேட்டால் பல் உடைகிற மாதிரி ஒரு காய்ந்த கிழங்கைத் தருவார்களே, அதுதான். தரையில் வளரும் ஆர்க்கிட் செடியின் கிழங்கு. வசந்தத்தில் மலையேறித் தோண்ட வேண்டும், கழுவி மோரில் வேகவைக்க வேண்டும், நூலில் கோத்துச் சரமாகக் காயப்போட வேண்டும். குளிர்காலத்தில் நகரத்து ஆட்கள் அதைப் பொடித்துப் பாலில் காய்ச்சி, லவங்கப்பட்டை தூவிக் குடிப்பார்கள். ஹூருவுக்கு அந்தப் பானம் பிடிக்காது. "பசையைக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

ஏழு வயதில் அம்மாவோடு மலையேறியவள். பதினேழில் துராலியைக் கட்டிக்கொண்டபோது சீதனத்தோடு ஒரு களைக்கொட்டும் வந்தது. இலையைப் பார்த்தே அடியில் கிழங்கு எவ்வளவு பருமன் என்று சொல்லுவாள். தோண்டினால் எப்போதும் இரண்டு கிடைக்கும். ஒன்று சுருங்கிக் கறுத்தது, தாய். ஒட்டினாற்போல் இன்னொன்று, வெள்ளை வெளேரென்று காடை முட்டை அளவில், பிள்ளை. வெள்ளையைக் கிள்ளி மடிப்பைக்குள் போடு. கறுத்ததைத் திரும்பக் குழியில் வை. மண்ணைத் தள்ளி, குதிகாலால் அழுத்தி, பிஸ்மில்லாஹ் சொல்லு. தாய் மண்ணுக்கு, பிள்ளை எனக்கு. அம்மா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வேன் போட்டு வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் ஹூருவுக்குக் காறித் துப்பத் தோன்றும். வருஷா வருஷம் மலையில் செடி குறைகிறதென்றால் அந்தப் பாவிகளால்தான்.

இதையெல்லாம் டீச்சரிடம் அவள் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற டீச்சர், ஆறு வாரம் ஹூரு வீட்டுப் பின்னறையில் தங்கினாள். அவள் வேலை ஊர்க் கல்லறைத் தோட்டமான மையவாடியில் ஆர்க்கிட் எண்ணுவது. மௌத்தாகிப் புதைந்தவர்கள் நடுவில் எவரும் களைக்கொட்டு போட மாட்டார்கள் என்பதால் மலையில் இல்லாத செடியெல்லாம் அங்கே இருந்தது. தாழ்வாரத்தில் தொங்கிய சரங்களை டீச்சர் பார்த்தாள். கேட்கவில்லை. அவள் கேட்காததால் ஹூருவும் வாயைத் திறக்கவில்லை. ஒரே தட்டில் சூப் குடிக்கிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட மரியாதை அது.

கபர்களுக்கு நடுவே அறுபது செடிக்கு டீச்சர் பெயர் எழுதிவிட்டாள். ஹாஜி எமின் கால்மாட்டில் இருந்த ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. இலை சோனியாக இருந்தது. போன வருஷம் பஞ்சாயத்து ஆட்கள் களைமருந்து அடித்ததில் நுனியெல்லாம் கருகியிருந்தது. மொட்டு கட்டைவிரல் நீளம் வந்து, விரியாமல் மூடியே நின்றது. "பூ விரிஞ்சா ஒரு நிமிஷத்துல சொல்லிருவேன். அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது" என்று ஒரு வாரம் அதன் முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அது விரியவில்லை.

டீச்சர் கிளம்பிப் போன அன்று சாயங்காலமே ஹூரு முள் வெட்டிக்கொண்டு போய்ச் செடியைச் சுற்றி வேலி கட்டினாள்.

"எங்க வாப்பா கபருக்குக்கூட நீ இவ்வளவு செஞ்சதில்ல" என்றான் துராலி.

"உங்க வாப்பாவை யாரும் எங்கிட்ட அமானிதமாக் குடுக்கல."

முள்வேலி ஆட்டுக்குத்தான். நத்தைக்கு இல்லை. ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால் மொட்டு கழுத்தோடு துண்டாகிக் கீழே கிடந்தது. வழவழவென்று ஒரு வெள்ளிக் கோடு இலைமேல் ஏறி இறங்கியிருந்தது. ஹூரு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டைக் கல்லால் அடிக்கலாம், நத்தையை என்ன செய்ய? மொட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டீச்சருக்குப் போன் போட்டாள்.

டீச்சர், "பரவாயில்லக்கா. அடுத்த வருஷம் பூக்கும். மேல போனது போகட்டும். அடியில கிழங்கு பத்திரமா இருந்தாப் போதும்" என்றாள்.

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஹூரு. கிழங்கைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

மே பாதியில், ஒரு புதன்கிழமை, விடிகாலையில் மலைக்குப் போய் ஒரு மடிப்பை நிறையத் தோண்டிக்கொண்டு இறங்குகிறாள். மையவாடி வாசலில் லாரி நிற்கிறது. ஹாஜி எமினின் மகன் ஜெவாத், இஸ்மிரில் டயர் கடை வைத்திருப்பவன், நோன்புக்கு முன்னால் தகப்பன் கபருக்குச் சலவைக்கல் பதிக்க வந்திருக்கிறான். சிமெண்ட் குழைத்தாகிவிட்டது. முள்வேலி ஓரமாகத் தூக்கி வீசப்பட்டுக் கிடக்கிறது.

"ஜெவாத், வாப்பாவுக்குக் கல் வைக்கிறது நல்ல காரியந்தான். கால்மாட்டுல ஒரு சாண் மட்டும் விடேன்."

"ஏன் சித்தி?"

"அங்க ஒரு செடி இருக்கு. டீச்சர் குடுத்துட்டுப் போனது."

ஜெவாத் குனிந்து பார்த்தான். மஞ்சளாகித் தொங்கிய இரண்டு இலை. "இதுவா? இது செத்துப்போச்சே."

"சாகல. வெயில்ல அது அப்படித்தான் இருக்கும். அடியில உயிரு இருக்கு."

"சித்தி, எங்க வாப்பா கபரு இது. ஊர்ல எல்லார் கபரும் கல்லுல பளபளன்னு இருக்கு, எங்க வாப்பா மட்டும் புல்லுக்கு நடுவுல படுத்திருக்காரு. கால்மாட்டுல ஓட்டை விட்டா, பணம் பத்தலையான்னு கேக்க மாட்டாங்க?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் அந்தக் குடும்பமும் இல்லை. டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எந்த மலையில் எந்தச் செடிக்கு முன்னால் படுத்திருக்கிறாளோ.

"சீக்கிரம் சொல்லுங்க சித்தி, சிமெண்ட் இறுகுது."

"நானே எடுத்துர்றேன். ரெண்டு நிமிஷம்."

மையவாடிக்குள் களைக்கொட்டு ஓங்கியது அன்றுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு முனெவ்வர், தாயின் கபருக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"ஏடி ஹூரு! மலை காலியாயிருச்சுன்னு இப்ப மய்யித்துகளையே தோண்ட ஆரம்பிச்சிட்டியா?"

"உன் கபரைத் தோண்டறப்ப சொல்லியனுப்பறேன், அதுவரைக்கும் பேசாம இரு!"

சிமெண்ட்காரர்கள் சிரித்தார்கள். ஜெவாத் கடிகாரத்தைப் பார்த்தான். ஹூருவுக்குக் காது சுட்டது. ஆனால் கைக்கு வேலை தெரியும். ஒரு வேர் அறாமல் மண்ணைப் பிளந்தாள். இரண்டும் முழுசாக வந்தன, கறுப்பும் வெள்ளையும். ஒரே கிள்ளு. வெள்ளை மடிப்பைக்குள் விழுந்தது. கறுத்ததை, பிறந்த பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, மதிலோரம் சைப்ரஸ் நிழலுக்குப் போனாள். கபர் மண்ணையே அள்ளிவந்து குழியில் இட்டாள். தாயை வைத்தாள், மூடினாள், குதிகாலால் அழுத்தினாள். பிஸ்மில்லாஹ் என்று இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். டீச்சரின் குச்சியைப் பக்கத்தில் நட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மனசு நிறைந்திருந்தது. காப்பாற்றிவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டீச்சரே கூப்பிட்டாள்.

"தோண்டி எடுத்தீங்களா?" என்று முதலில் பதறினாள். விஷயத்தைக் கேட்டதும் தணிந்தாள். "சரிக்கா. வேற யாராவது எடுத்திருந்தா பயந்திருப்பேன். உங்க கை." வேறு எதுவும் கேட்கவில்லை.

மடிப்பைக்குள் விழுந்த வெள்ளைக் கிழங்கு மலைக் கிழங்குகளோடு கலந்துவிட்டது. எது என்று ஹூருவுக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. வழக்கம்போல் மோரில் வேகவைத்துக் கோத்தாள். ஆனால் வியாபாரி வந்தபோது அந்தச் சரத்தை மட்டும் கொடுக்கவில்லை. மய்யித்து மண்ணில் விளைந்ததை ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பது பாவம். தூக்கிப் போடவும் மனமில்லை. சாப்பாட்டுச் சாமான் அலமாரிக்குப் பின்னால், தனி ஆணியில் மாட்டிவைத்தாள்.

கோடை போயிற்று. அக்டோபர் மழையில் மையவாடியில் அங்கங்கே பச்சை மூக்கு நீட்ட ஆரம்பித்தது. மதிலோரம் மட்டும் வெறும் மண். இடம் மாறினால் தாய் கொஞ்சம் முறைத்துக்கொள்ளும் என்று ஹூரு பொறுத்திருந்தாள். நவம்பரில் பைன் மரத்தடியிலிருந்து மக்கின மண் கொண்டுவந்து தூவினாள். நத்தைக்குச் சாம்பலால் வட்டம் போட்டாள். உறைபனி விழுந்த நாளில் மாவுச் சல்லடையைக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"சல்லடை எங்கடி?" என்று துராலி கேட்டான்.

"மையவாடியில."

"மய்யித்துங்க ரொட்டி சுடுறாங்களா?"

அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துத் துராலி அன்றோடு கேலியை நிறுத்திக்கொண்டான். மறுநாள் அவனே அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, "ஒண்ணும் காணோம்" என்றான். அது அவளுக்குக் கேலியைவிட மோசமாக இருந்தது.

டிசம்பரில் டீச்சர் கேட்டபோது, "மெதுவா வரும்" என்றாள். ஜனவரியில் கேட்டபோது அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை.

"வரல பொண்ணே. என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். மத்ததெல்லாம் இலை விரிச்சு உக்காந்திருக்கு. தாய் நல்ல திடமாத்தான் இருந்துச்சு, நான் கையில வச்சுப் பாத்துத்தான் புதைச்சேன்."

"எந்தத் தாய்?"

"தாய்க்கிழங்குதான். கறுத்தது."

"வெள்ளை?"

"அது பிள்ளை. அதைக் கிள்ளி எடுத்துட்டுத்தானே வைக்கணும்?"

ஹூரு போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"டீச்சர்?"

"அக்கா... கறுத்தது முடிஞ்சு போனதுக்கா. இந்த வருஷத்து இலைக்கும் பூவுக்கும் அது தன்னையே குடுத்துத் தீர்த்திருச்சு. வெயில் வந்தா அழுகிரும். அடுத்த வருஷம் முளைக்கிறது வெள்ளையிலிருந்துதான். வெள்ளைதான் செடி."

ஹூரு பின்னால் கையால் துழாவி நாற்காலியைப் பிடித்தாள். "இல்ல. தாய் திரும்பக் காய்க்கும். எங்கம்மா..."

"எங்கயாவது நட்டதைத் திரும்பப் பாத்திருக்கீங்களா? அதே குழியில?"

பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. மலை பெரியது. எந்தக் குழி எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நாற்பத்தைந்து வசந்தம். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. ஒவ்வொன்றையும் மண்ணில் வைத்து, குதிகாலால் அழுத்தி, அல்லாஹ்வின் பேரைச் சொல்லி. வெளியூர்க்காரன் இரண்டையும் எடுத்தான், அவள் ஒன்றை எடுத்தாள். மலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"வெள்ளை எங்கக்கா இருக்கு?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"சரத்துல."

"வேக வச்சா?"

"மோர்ல."

டீச்சர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. தான் கேட்டிருக்க வேண்டும் என்றாள். அன்றைக்கே எந்தக் கிழங்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், ஆறு வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனேனே என்று அழுதாள். ஹூருதான் தேற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு டீச்சர் சொன்னாள். "சரத்தை அப்படியே அனுப்புங்கக்கா. உயிரு போச்சு. மெஷின்ல வச்சுப் பேரையாவது கண்டுபிடிக்கலாம். எத்தனை நாளாகும்னு தெரியாது."

சரத்தை வெள்ளைத் துணியில் சுற்றினாள் ஹூரு. அந்தத் துணியைப் பார்த்ததும் என்னவோ போலாகி, அவிழ்த்துவிட்டுப் பூப்போட்ட தலைத்துணியில் சுற்றினாள். கூட ஒரு ஜாடி ஆலிவ்.

அந்த ஏப்ரலில் மடிப்பையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகத்தான் போனாள். முதல் செடியடியில் முழங்காலிட்டு மண்ணைத் திறந்தாள். கறுப்பும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெள்ளையை எடுத்தால் செடி போகும். கறுப்பை எடுத்து என்ன செய்ய? அப்படியே மூடினாள். குதிகாலைத் தூக்கினவள், அழுத்தாமல் ஓரமாக வைத்தாள்.

பக்கத்துச் சரிவில் முனெவ்வர் குனிந்திருந்தாள். ஹூரு போய்ச் சொன்னாள். தாய் காய்க்காது முனெவ்வர், நாமதான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம்.

முனெவ்வர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யாரு சொன்னா? உன் டீச்சரா? அவளுக்கு வயசு முப்பது இருக்குமா? நம்ம அம்மா, அவங்க அம்மா, எல்லாரும் முட்டாளுங்களாடி?"

"முட்டாளுங்க இல்ல. பாக்கல. திரும்பப் போய்ப் பாக்கல."

"உனக்கு முழங்கால் போச்சு, தோண்ட முடியல. அதுக்கு மத்தவங்க கையையும் கட்டிப் போடணுமா? போடி, போய் உன் குச்சிக்குத் தண்ணி ஊத்து." சொல்லிக்கொண்டே கறுத்ததைக் குழியில் போட்டுக் குதிகாலால் அழுத்தினாள். பிஸ்மில்லாஹ் சொன்னாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

ஹூரு வெறும் பையோடு இறங்கினாள். வீட்டில் துராலி பையைத் தொட்டுப் பார்த்தான். அந்த வருஷம் முதல் அவள் பக்கத்து ஊர் ஆலிவ் தோப்புகளில் கூலிக்குப் பழம் பறிக்கவும் கிளை கழிக்கவும் போனாள். தேநீர்க் கடையில், கிழங்குக்காகப் பேசறவ என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். இரண்டு மூன்று பெண்களிடம் மறுபடி சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், மலைக்குப் போனார்கள்.

ஐந்து வருஷம். டீச்சர் இரண்டு ஊர் மாறினாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிட்டாள். சரத்தைப் பற்றி, "வரிசையில இருக்குக்கா, மெஷினுக்குப் பணம் வரணும்" என்பாள். ஹூரு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு மார்ச் மத்தியானம் தோப்பில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. டீச்சர் பேர். முதலில் ஒரு படம் வந்தது. அந்தத் தோப்பில் சிக்னல் ஒழுங்காகக் கிடையாது. படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. யாரோ எந்தக் காலத்திலோ வர்ணத்தில் வரைந்த ஒரு பூ. வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு முக்காடு. அதற்குக் கீழே, கறுப்பு வெல்வெட்டில் வெள்ளை நூலால் ஓரம் அடித்த மாதிரி ஓர் உதடு.

ஹூரு ரொட்டியைக் கீழே வைத்தாள்.

இதையா டீச்சர் ஒரு வாரம் குப்புறப் படுத்துத் தேடினாள்? இது கிணற்றுச் சரிவில் நின்றதே. அவளுக்கு ஒன்பது வயது. சரிவு முழுக்க இதுதான், கால் வைக்க இடமில்லாமல். அம்மாவும் ஏழு பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டே மூன்று நாள் தோண்டினார்கள். மூன்று மூட்டை. ஒவ்வொரு தாயையும் திருப்பி வைத்தார்கள். சின்னப் பாதம் நல்லா அழுத்தும் என்று அந்த வேலையை ஹூருவிடம்தான் கொடுத்தார்கள். மறு வருஷம் போனபோது சரிவில் புல் இருந்தது. மழை சரியில்லை என்றார்கள்.

திரும்பப் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள். விரல் ஈரத்தில் அது நழுவிக்கொண்டே இருந்தது. அதற்குள் அடியில் எழுத்து வந்து சேர்ந்தது.

"ஹூரு அக்கா, சலாம். சரத்துல நூத்திப் பதினாலு கிழங்கு. நூத்திப் பதிமூணு சாதாரண மலைக் கிழங்கு, ஒண்ணு மட்டும் வேற. பேர் கிடைச்சிருச்சு. எழுபது வருஷமா இதை எங்கயும் பாத்ததா யாரும் எழுதி வைக்கல. மையவாடியில வேற இருக்கான்னு போன வாரம் ஆள் அனுப்பித் தேடினோம், இல்ல. உங்களைக் குத்தம் சொல்லத் தோணல, நீங்களும் சொல்லிக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் பூவை உங்க ஊர் மலையில எப்பவாவது, எங்கயாவது பாத்த ஞாபகம் இருக்கா?"